கன்று, குட்டிகளுக்குப் பல் உறுதியாக வளர என்ன தீவனம் கொடுப்பது: வேலூர்ப் பக்கத்து வளர்ப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொய்கை மாட்டுச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் முதலில் கீழ் உதட்டை இறக்கிப் பல்லைத்தான் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, பல் சேர்ந்துவிட்டதா என்று எண்ணி வயதைக் கணிப்பார். பேரம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வயது தெரிந்ததும் உதட்டை விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பல்லின் அகலம், நிறம், பளபளப்பு, தேய்மானம் இவற்றைக் கூர்ந்து பார்த்தால், அந்த மாடு கன்றாக இருந்தபோது என்ன தின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

கறவை மாடு, எருமை, ஆடு வளர்ப்பவர்கள், எருது விடும் விழாவுக்கென்று காளைக்கன்றைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பவர்கள், வீட்டில் நாய்க்குட்டியோ முயலோ வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பல் நம் கண்ணுக்குத் தெரியும்போது அதை உருவாக்கும் வேலை ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். தீவனத்தைச் சரிசெய்ய வேண்டிய காலம், பல் இன்னும் தாடைக்குள்ளேயே இருக்கும் காலம்தான்.

தாடைக்குள் நடப்பது என்ன

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு. வீடு கட்டும்போது சாரம் போடுவதுபோல், எனாமலைச் சுரக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஓர் அடித்தளம் இடுகின்றன. பிறகு அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, அந்த இடத்தில் தாது உப்பை நிரப்புகின்றன. பல் முளைத்து வெளியே வரும்போது இந்தச் செல்கள் அழிந்துவிடுகின்றன. அதனால்தான் எனாமலில் விழுந்த குறையை உடம்பு திரும்பச் சரிசெய்வதில்லை. எலும்பு முறிந்தால் கூடுகிறது, தோல் கிழிந்தால் ஆறுகிறது. எனாமலுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே இருக்கும் டென்டின் என்ற பகுதி மட்டும் உயிருள்ள செல்களோடு ஆயுள் முழுக்க மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்த வேலைக்குப் புரதம், கால்சியம், பாஸ்பரஸ் மூன்றும் வேண்டும். குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். எனாமல் செல்கள் நல்ல நிலையில் இருக்க வைட்டமின் ஏ வேண்டும். வைட்டமின் சி-யை ஆடு, மாடு, நாய் எல்லாம் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. கினிப் பன்றியால் முடியாது. அதற்குத் தீவனத்தில் வைட்டமின் சி இல்லையென்றால் டென்டின் உருவாவது கெட்டுப்போகும்.

இவை வெறும் ஊகமல்ல. 1918-ல் இங்கிலாந்தில் மே மெல்லன்பி என்ற ஆய்வாளர், நாய்க்குட்டிகளுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். காட் மீன் ஈரல் எண்ணெய் கிடைத்த குட்டிகளுக்குப் பல் உறுதியாக இருந்தது. கொழுப்பில் கரையும் சத்து கிடைக்காத குட்டிகளுக்குப் பல் தாமதமாக முளைத்தது, வரிசை கலைந்தது, எனாமல் மெலிந்து சொரசொரப்பானது. வைட்டமின் டி என்ற பெயரே அப்போது வந்திருக்கவில்லை. பிறகு 1961-ல் மக்கான்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கடுமையாகப் பட்டினி போட்ட பன்றிக்குட்டிகளின் மண்டையோட்டையும் தாடையையும் ஆராய்ந்தார்கள். அவற்றின் உடம்பும் தாடையும் வளராமல் நின்றுபோயிருந்தன. பற்களோ அந்த அளவுக்கு நிற்காமல் வளர்ந்திருந்தன. விளைவு, சின்னத் தாடைக்குள் பெரிய பற்கள் நெருக்கிக்கொண்டு, சில பற்கள் வெளியே வர இடமில்லாமல் சிக்கிக்கிடந்தன. இளம் வயதுப் பட்டினி பல்லை மட்டும் தொடுவதில்லை, பல் உட்காரும் இடத்தையும் குறைக்கிறது.

படி 1: காலக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது; தடித்த ஈறுதான் இருக்கும். கீழே எட்டு முன்பற்கள். கன்று பிறக்கும்போதே சில பால் பற்களோடு வரும், ஒரு மாதத்துக்குள் எட்டும் வந்துவிடும். நிலையான பற்களில் முதல் ஜோடி, கலப்பின மாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு வயதில் வரும். நாட்டு மாட்டுக்கு இரண்டு, இரண்டரை வயது ஆகலாம். எருமைக்கு இன்னும் தள்ளிப்போகும். எட்டுப் பல்லும் சேர நான்கு முதல் ஐந்து வயது. ஆட்டுக்கு முதல் ஜோடி ஒன்றே கால் வயதையொட்டி வரும், எட்டும் சேர மூன்றரை, நான்கு வயது ஆகும்.

நாம் எண்ணுவது முன்பற்களை. மாடு உயிர் வாழ்வதோ உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களால். அதில் முதல் நிலையான கடைவாய்ப் பல், கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே தாது உப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆறு மாத வயதை ஒட்டி வெளியே வரும். இரண்டாவது ஒன்று, ஒன்றரை வயதில் வரும். மூன்றாவதற்கு இரண்டு, இரண்டரை வயது ஆகும். நிலையான முன்பற்கள் எல்லாம் கன்று பிறந்த முதல் சில மாதங்களில் தொடங்கி மூன்றாவது வயது வரைக்கும் தாடைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகிக்கொண்டிருக்கும்.

ஆக, தீவனத்தில் கவனம் வைக்க வேண்டிய காலம் சினையின் கடைசி மாதங்களில் தொடங்கி மூன்று வயது வரை. கறவைக்கு வராத கிடாரியையும் காளைக்கன்றையும் நாம் மிக அலட்சியமாக வைத்திருக்கும் காலமும் சரியாக இதுதான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பால் கறக்கும் மாட்டுக்குப் புண்ணாக்கு, கிடாரிக்கு மீந்த வைக்கோல் என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கணக்கு.

படி 2: சினையின் கடைசி மாதங்கள்

பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், ஆட்டுக்கு சுமார் 150 நாள். கன்றின் உடம்பு வேகமாகப் பெருப்பது பசுவுக்குக் கடைசி மூன்று மாதத்தில், ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரத்தில். கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்திவிடுங்கள். பால் சங்கத்துக்கு ஊற்றும் காசு நின்றுபோகிறதே என்று இழுத்துக்கொண்டு போவது, கன்றின் பங்கிலிருந்து எடுப்பதுதான்.

இந்தக் காலத்தில் தினமும் பச்சை இருக்க வேண்டும். பச்சைப் புல்லும் இலையும்தான் மாட்டுக்கு வைட்டமின் ஏ-யின் மூலம்; வெயிலில் வெளுத்த வைக்கோலில் அது அநேகமாக இல்லை. சித்திரை, வைகாசியில் ஈனும் மாடுகளுக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் அதற்கு முந்தைய மாதங்களில் நம் பக்கம் பச்சையே கண்ணில் படாது. வரப்போரத்தில் நாலு அகத்தி, வேலியோரத்தில் சூபாபுல், கிணற்றடியில் கொஞ்சம் வேலிமசால் இருந்தால் அந்த மாதங்களைத் தாண்டலாம். சூபாபுல்லை மட்டும் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் என்ற பொருள் அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்துக் கழலையும் வரும்.

படி 3: சீம்பாலும் முதல் மூன்று மாதமும்

வைட்டமின் ஏ தாய் வயிற்றில் கன்றுக்கு மிகக் குறைவாகவே கடந்து வருகிறது. கன்று அதைப் பெரிதும் சீம்பாலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். கன்று பிறந்த அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு குடித்திருக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நேரம் போகப் போகக் குடல் அந்த எதிர்ப்புப் பொருள்களை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நிறுத்திவிடும். சீம்பாலை வேகவைத்துச் சர்க்கரை போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பது நம் வழக்கம். கொடுங்கள், தப்பில்லை. கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சியதைக் கொடுங்கள்.

நஞ்சுக்கொடி போடும் வரை பால் ஊட்டக் கூடாது என்று இன்னும் சில பெரியவர்கள் சொல்வார்கள். "பெரியம்மா, கன்று குடித்தால் கொடி சீக்கிரம் விழும்" என்று பக்குவமாகச் சொல்லி ஊட்டிவிடுங்கள். உண்மையும் அதுதான், கன்று சப்பும்போது கருப்பை சுருங்குகிறது.

அதன் பிறகு தினமும் எடையில் பத்தில் ஒரு பங்கு பால். இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி வாயில் தடவிப் பழக்குங்கள். அதில் 20 சதவீதத்துக்குக் குறையாத புரதம் இருக்க வேண்டும். மெல்லிய புல்லும் கடலைக் கொடியின் இலையும் பக்கத்தில் தொங்கட்டும். காளைக்கன்று என்பதால் ஒரு காம்பையும் மிச்சம் வைக்காமல் கறந்துவிடுகிற வீடுகளில், அந்தக் கன்றுகள் வயிறு தொங்கி, முடி சிலிர்த்து, தலை மட்டும் பெரிதாய்த் தெரியும். அவற்றின் பல் முளைப்பதும் தள்ளிப்போகும்.

குடற்புழு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல தீவனம் போட்டும் கன்று தேறவில்லை என்றால் பாதி நேரம் காரணம் புழுதான். சிலவகைக் குடற்புழுக்கள் ஆட்டுக்குட்டியின் குடல் பாஸ்பரஸை உறிஞ்சுவதையே குறைத்துவிடும். எருமைக்கன்றுக்கு முதல் மருந்தைப் பிறந்த பத்து நாளை ஒட்டியே கொடுப்பார்கள், ஏனென்றால் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வந்துவிடும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மருந்தின் வகையையும் அளவையும் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளைக் குட்டிகளுக்கும் சினை மாட்டுக்கும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அது உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு நிரந்தரமான மஞ்சள் கறையை உண்டாக்கும்.

படி 4: வைக்கோலை நம்பி விடாதீர்கள்

மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று வயது வரை கன்று தின்பது நம் ஊரில் பெரும்பாலும் நெல் வைக்கோலும் மேய்ச்சலும். வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. கால்சியம் கொஞ்சம் இருந்தாலும் வைக்கோலிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பல் உருவாகும் வயதில் வைக்கோலை மட்டும் போடுவது, வயிற்றை நிரப்பித் தாடையைக் காயவிடுவதாகும்.

மாடு சுவரை நக்குவது, செருப்பு, துணி, காய்ந்த எலும்பு என்று வாயில் போட்டு மெல்லுவது எல்லாம் பாஸ்பரஸ் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அதைக் கெட்ட பழக்கம் என்று அடித்து விரட்டாதீர்கள்.

நம் மாவட்டத்தில் இதற்கு மருந்து வயலிலேயே கிடைக்கிறது. மல்லாட்டைக் கொடியில், அதாவது நிலக்கடலைக் கொடியில், வைக்கோலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு புரதம் இருக்கிறது, கால்சியமும் நிறைய. அறுவடையானதும் இலை உதிராமல் நிழல் வெயிலில் காயவைத்துப் போர் போட்டு, மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் கோடை முழுவதும் வரும். இலை உதிர்ந்த வெறும் தண்டுக்கு அந்த மதிப்பு இல்லை. ஜவ்வாது மலைப் பக்கமும் அடிவாரத்திலும் கேழ்வரகுத் தாள் கிடைக்கும். அது நெல் வைக்கோலைவிட நல்லது. கேழ்வரகு தானியத்தில் 100 கிராமுக்கு சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் அதன் பக்கத்தில்கூட வராது.

தவிடு நேர்மாறு. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பாஸ்பரஸை விடுவித்துக்கொடுக்கும் என்பதால் வைக்கோலின் குறையைத் தவிடு ஓரளவு ஈடுகட்டும். ஆனால் தவிட்டை மட்டும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் கால்சியம் ஈடுகொடுக்காது. தவிடும் கொடியும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

வீட்டிலேயே கலவை செய்துகொள்கிறவர்களுக்கு 100 கிலோவுக்கு ஒரு கணக்கு: மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஏதாவது உடைத்தது 35 கிலோ, கடலைப் புண்ணாக்கு 30 கிலோ, தவிடு 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ. புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுத்து வளர்ச்சியை நிறுத்திவிடும். தாது உப்புக் கலவையைப் பையில் அச்சிட்ட அளவுப்படி வயதுக்கேற்பக் கொடுங்கள். வேலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கலவை பற்றியும் தீவனப் பயிர் பற்றியும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வெயிலும் ஒரு தீவனம்தான். மாடும் ஆடும் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். இருட்டுக் கொட்டகையில் நாள் முழுக்கக் கட்டிவைத்த கன்றுக்கு அது நடக்காது. காலை வெயிலில் கட்டுங்கள். வேலூர் வெயிலுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

படி 5: தண்ணீரைச் சோதியுங்கள்

பல் என்றதும் பலரும் கால்சியத்தை மட்டும் நினைப்பார்கள். நம் பக்கத்தில் அதற்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு. அளவு மீறினால் அது பல்லைக் கெடுக்கும், எலும்பிலும் சேரும். 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்தான் இந்தியாவின் முதல் ஃபுளோரைடு நோய் பதிவானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு ஃபுளோரைடும் ஒரு முக்கியக் காரணம். பழைய வட ஆற்காட்டின் மேற்குப் பகுதி, அதாவது வாணியம்பாடி, திருப்பத்தூர் வட்டாரம், அதே பாறைப் பூமியின் தொடர்ச்சி. பாறையிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறுகளில் இது கூடுதலாக வர வாய்ப்புண்டு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்குள்ளேயே அளவு மாறும், அதனால் அண்டை வீட்டுச் சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும், வேறு வழியில்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். கால்நடைகளுக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பைப் பொதுவாகச் சொல்கிறார்கள். கோடையில் வளரும் கிடாரி குடிக்கும் தண்ணீரின் அளவை நினைத்துப் பாருங்கள். அளவு கூடக் கூட உள்ளே போகும் ஃபுளோரைடும் கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. தாயின் நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் ஃபுளோரைடு குறைவாகத்தான் கன்றுக்குப் போகிறது. அதனால் பால் பற்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நமக்கு எந்தச் சந்தேகமும் வராது. பால் மறந்து கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும் ஆறாவது மாதத்திலிருந்து மூன்று வயது வரை தாடைக்குள் உருவாகும் நிலையான பற்களில்தான் பாதிப்பு விழுகிறது. இரண்டு பல் போடும்போதுதான் பழுப்புக் கறையும் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டும் வெளிப்படும். அந்தப் பல் சீக்கிரம் தேயும். எட்டுப் பல் சேர்ந்த பிறகு வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாடு அதே தண்ணீரைக் குடித்தாலும் அதன் பல்லில் இந்தக் கறை வராது. எலும்பில் மட்டும் சேரும்.

செய்ய வேண்டியவை இவை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். அளவு கூடுதலாக இருந்தால், இருக்கிற நல்ல தண்ணீரை, அதாவது ஏரி, திறந்த கிணறு, சேமித்த மழைநீரை முதலில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள கன்றுகளுக்கு ஒதுக்குங்கள். வயதான மாட்டுக்கு இரண்டாம் இடம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, இன்னும் செறிவாகும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறவர்கள், அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று மாட்டுத் தொட்டியில் விடுவதைப் பார்க்கிறேன். நீங்கள் வடிகட்டிய உப்பும் ஃபுளோரைடும் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதைக் கன்றுக்கு வைக்காதீர்கள்.

தீவனத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலில் ஃபுளோரைடு உறிஞ்சப்படுவது குறையும். பாஸ்பரஸுக்காகச் சூப்பர் பாஸ்பேட் உரத்தையோ பாறைப் பாஸ்பேட்டையோ தீவனத்தில் கலக்கவே கூடாது. அவற்றில் ஃபுளோரைடு அதிகம். தீவனத்துக்கென்று தயாரித்த டைகால்சியம் பாஸ்பேட்தான் சரியானது.

படி 6: மெல்ல வேண்டியதை மெல்லவிடுங்கள்

தாடை எலும்பு மெல்லும் வேலையால் வளர்கிறது. 2004-ல் லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பாறை ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குக்குட்டிகளில் ஒரு பாதிக்கு வேகவைத்த மென்மையான உணவும், மறு பாதிக்குக் காய்ந்த, கடினமான உணவும் கொடுத்து வளர்த்தார்கள். மென்மையாகத் தின்றவற்றுக்கு முகத்தின் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் குறைவாக வளர்ந்திருந்தன. சத்து போதுமானதாக இருந்தாலும் மெல்லும் வேலையும் வேண்டும் என்பதுதான் அதில் தெரிகிறது. கன்றுக்குக் கஞ்சியும் கலவையும் மட்டும் ஊற்றிக்கொண்டிருக்காமல் நார்த்தீவனத்தைச் சீக்கிரம் பழக்குங்கள்.

ஆனால் பல் மாறும் காலத்தில் முள்ளும் கூரான தாளும் ஈறைக் குத்தும். அந்தப் புண் வழியாகக் கிருமி புகுந்து தாடை கல்லுப்போல் வீங்கும் நோய் வரலாம். தாடையில் அசையாத கட்டி தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலிக்காத்தான் காய் பற்றியும் சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகை முழுக்க அந்தச் சீமைக் கருவேலம்தான். கோடையில் ஆடுகள் அதன் காயை ஆசையாகத் தின்னும். காயில் சர்க்கரை அதிகம், இழுவையும் அதிகம், பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். கென்யாவின் பாரிங்கோ பகுதியில் இதே மரத்தின் காயைத் தின்று ஆடுகள் பல் இழந்தன என்று மேய்ச்சல்காரர்கள் வழக்குத் தொடுத்து, பல் போன ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். காயை முற்றாக விலக்க வேண்டியதில்லை. பல் போடாத குட்டிகளுக்கு அதுவே முழுத்தீவனம் ஆகாமல், புல்லும் தழையும் கலந்து கிடைக்கும்படி மேயவிடுங்கள்.

நாய்க்குட்டிக்கும் முயலுக்கும்

நாய்க்குட்டிக்கு மூன்று முதல் ஆறு வாரத்தில் 28 பால் பற்கள் வந்துவிடும். நாலாம் மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலையான பற்களும் வந்துவிடும். எல்லாமே அவசரமாக நடக்கிறது, அதனால் தீவனக் குறையும் அவசரமாகத் தெரியும். மாட்டுக்குச் சொன்ன வெயில் வைத்தியம் இங்கே உதவாது. நாயின் தோல் போதுமான வைட்டமின் டி-யைத் தயாரிப்பதில்லை, அது உணவில்தான் வர வேண்டும். முட்டை, மீன், கொஞ்சம் ஈரல் வேண்டும். தயிர்ச்சோறு மட்டும் போதாது.

வெறும் இறைச்சியும் போதாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எலும்பில்லாத கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். குட்டியின் உடம்பு அந்தக் கணக்கைச் சரிக்கட்டத் தாடை எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். தாடை இளகும், பல் ஆடும். குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அதற்காகப் பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மருந்தை இஷ்டத்துக்கு ஊற்றாதீர்கள், அது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். பிரியாணியில் வெந்த எலும்பைக் கொடுக்காதீர்கள். அது கூராக உடையும், குடலைக் கிழிக்கும். டிஸ்டெம்பர் என்ற நாய்களின் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அந்த நோய் வந்து பிழைத்த குட்டிகளின் பல்லில் எனாமல் குழிகுழியாக இருக்கும்.

முயலின் பல் நிற்காமல் வளரும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். தேய்த்துக்கொள்ளப் புல்லும் காய்ந்த தழையும் நாள் முழுக்க வேண்டும். தவிடும் குருணையும் மட்டும் போட்டால் பல் நீண்டு வளைந்து, கன்னத்தைக் குத்தும், தீனி எடுக்காமல் செத்துவிடும்.

வாயைப் பார்க்கும் முறை

மாதம் ஒரு முறை பாருங்கள். கன்றின் தலையை ஒருவர் மூக்கோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் கீழ் உதட்டை மட்டும் இறக்கினால் போதும். விரலைக் கடைவாய்க்குள் விடாதீர்கள். ஆட்டுக்குட்டியை இரு முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொள்ளலாம்.

கறை இருந்தால் ஈரத் துணியாலும் நகத்தாலும் தேய்த்துப் பாருங்கள். தழையின் துவர்ப்பால் வந்த கறையும் பல் காறையும் கொஞ்சமாவது வரும். ஃபுளோரைடு கறை வராது. ஜோடியாக உருவாகும் இரண்டு பற்களிலும் ஒரே உயரத்தில் கோடோ கறையோ இருந்தால், அந்தப் பல் உருவான காலத்தில் உடம்பு முழுவதையும் தொட்ட ஏதோ நடந்திருக்கிறது: பட்டினி, கடும் நோய், அல்லது தண்ணீர். ஒரு பல்லில் மட்டும் என்றால் அடிபட்டிருக்கலாம். பல் போட வேண்டிய வயது தாண்டி ஆறு மாதமாகியும் பால் பல்லே நின்றால் தீவனத்தையும் புழுவையும் சோதியுங்கள். இனத்தைப் பொறுத்து வயது மாறும் என்பதையும் மறக்காதீர்கள்.

கடைவாயில் தொந்தரவு இருந்தால் வெளியே வேறு விதமாகத் தெரியும். அசைபோடும்போது பாதி மென்ற உருண்டை கீழே விழும், கன்னத்தில் தீனி தங்கி உப்பும், ஒரு பக்கமாகவே மெல்லும், குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சாமல் நாயைப்போல நக்கிக் குடிக்கும், சாணத்தில் நீளமான நார் வரும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பல்லுக்கு

முளைத்த பல்லை எந்தத் தாது உப்பும் திரும்பக் கட்டாது. இப்படிச் சொல்லி விற்கும் எதையும் வாங்காதீர்கள். அந்த மாட்டைக் கழித்துவிடவும் அவசரப்பட வேண்டாம். தட்டையைச் சின்னதாக நறுக்கிப் போடுங்கள், வைக்கோலைத் தண்ணீர் தெளித்து மென்மையாக்குங்கள், கட்டைப் புல்லில் மண்ணோடு சேர்த்துக் கடிக்க வேண்டிய கரட்டுக்கு ஓட்டாமல் உயரமான புல்லில் மேயவிடுங்கள். புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுங்கள், தண்ணீரைத் தொட்டியில் சற்று வெயில் படவிட்டு வையுங்கள். பல் தேய்ந்த பசுவும் இப்படிப் பல ஈற்று தாங்கும். அது போடும் கன்றுக்குப் பல் தாடைக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தக் கன்றுக்கு எந்தத் தொட்டியில் தண்ணீர் வைக்கிறீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.